2,214 முறை இறங்கியவர்

2011 மே 9. கப்பல், போக வர: 22,600
ஜூன் 13. தங்குமிடம், ஐந்து இரவு: 11,500
ஜூன் 13. ஐந்து முங்கல், ஒன்றுக்கு 6,200 வீதம்: 31,000
ஜூலை 18. உடை, கண்ணாடி, சிலிண்டர் வாடகை: 4,750
ஜூலை 18. தீவு நுழைவுக் கட்டணம்: 900
ஜூலை 20. மொத்தம்: 70,750
தண்ணீருக்குள் இருக்கும் நேரம்: 200 நிமிடம்
ஒரு நிமிடத்துக்கு: 353.75
முடிவு: தகாது.

மேலே உள்ளது என் கையெழுத்து. கடைசிச் சொல்லுக்கு மட்டும் சிவப்பு மை. என் தங்கையின் கணவர் கேட்டுக்கொண்டதற்காக நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. கூட்டலில் பிழை இல்லை. இன்றும் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

நானும் அவரும் ஒரே குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தோம். அவர் டைவர். நீர்த்தேக்கத்தின் அடியில் மதகுகளுக்கு முன்னால் இரும்புச் சல்லடைகள் இருக்கும். அவற்றில் இலை, கிளை, கந்தல் எல்லாம் சிக்கும்; ஒருமுறை ஒரு சைக்கிள்கூடச் சிக்கியது. அதையெல்லாம் இறங்கி எடுப்பது அவர் வேலை. கரையில் நாற்காலி போட்டு, ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் அவர் இடுப்பில் கட்டிய கயிறுமாக உட்கார்ந்து, பதிவேடு எழுதுவது என் வேலை. கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் மேலே வர வேண்டும். அவர் அவசரப்படாமல், நின்று நின்று ஏறுவார். அதனால் நிலையத்தில் அவருக்கு ஆமை என்று பெயர்.

மூன்று ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்துத்தான் என் தங்கையை அவருக்குக் கொடுத்தேன். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை, ஒரு கருவிகூடத் தொலையவில்லை. சாதகம் பார்த்திருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.

அவருக்குக் கண்கள் விரலில் இருந்தன. வீட்டில் குழாய் ஒழுகினால், பகல் வெளிச்சத்திலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் பழுது பார்ப்பார். என் தங்கை கேலி செய்வாள்.

"கண்ணைத் தொறந்து பாருங்களேன். வீட்டுல வெளிச்சத்துக்குத் தனியா காசு குடுக்கறோம்."

"தொறந்தா கை கொழம்பிடும்," என்பார்.

2011 ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்றார். மறு வாரம், நான்காக மடித்த ஒரு வண்ணத்தாளுடன் என் வீட்டுக்கு வந்தார். நிலையத்துக்குக் காற்று சிலிண்டர் விற்பவர் கொடுத்த தாள் அது. கரையிலிருந்து மூன்று நாள் கப்பல் பயணத்தில் ஒரு தீவு. அதைச் சுற்றி ஸ்கூபா முங்கல். படத்தில் ஒரு மனிதன் அடியில் நிற்க, அவன் தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு படகின் அடிப்பாகம் துல்லியமாகத் தெரிந்தது.

"மச்சான், இது தகுமா, தகாதான்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

"தண்ணிக்குள்ள போறதுக்கா? இத்தனை வருசம் போனது பத்தலையா மாப்ளே?"

"நீங்க கணக்கைப் போடுங்க. நீங்க சொன்னா சரிதான்."

தீவில் தொலைபேசி எடுக்கவில்லை. கடிதம்தான். கப்பல் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை போய், அப்பால் இருக்கும் தீவுகளையும் சுற்றிவிட்டு ஐந்தாம் நாள் அதே வழியாகத் திரும்பும். அதனால் கணக்கு முடிய ஜூலை 20 ஆயிற்று. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய்த் தாளை நீட்டினேன். விளக்கமும் சொன்னேன். சம்பளப் பட்டியலின்படி உத்தியோகத்தில் 1,845 மணி நேரம் காசு வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் இருந்தவர், இப்போது நிமிடத்துக்கு 353.75 கொடுத்து இன்னும் மூன்று மணி இருபது நிமிடம் இருக்கப் போவானேன்? ஏழு மாத ஓய்வூதியம் போய்விடும்.

என் தங்கை வெங்காயம் உரித்தபடி சொன்னாள்: "மீன் பாக்கணும்னா கடைத்தெருவுக்குப் போகச் சொல்லுண்ணே. அங்க நிமிசத்துக்குக் காசு கேக்க மாட்டான்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். தாளை வாங்கி, வண்ணத்தாளோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி மச்சான்," என்றார். அவ்வளவுதான். கயிற்றை இழுத்தால் ஏறி வருகிற மனிதர்.

2013 செப்டம்பரில் நிலையத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். பழைய பதிவேடுகளைக் கழிக்கப் போகிறார்களாம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாமாம். முங்கல் பதிவேடுகள் மொத்தம் பதினான்கு. கைவண்டி வைத்துக் கொண்டுவந்தேன். கூட்டாத பத்தியைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே ஒவ்வொரு பத்தியாகக் கூட்ட ஆரம்பித்தேன். முங்கல்கள் 2,214. நேரம், ஆழம், எடுத்த குப்பையின் எடை எல்லாம் கூட்டியாயிற்று. கடைசியில் ஒரு குறுகிய பத்தி: பார்வைத் தூரம், மீட்டரில். நீர்த்தேக்கத்தின் அடியில் எப்போதும் சேறு கலங்கியிருக்கும். முதல் ஆண்டில் அவர் மேலே வந்ததும் "எவ்வளவு தெரிஞ்சுது?" என்று கேட்டு, பூஜ்யம் போட்டிருக்கிறேன். இரண்டாம் ஆண்டிலிருந்து கேட்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 'மேற்படி', 'மேற்படி' என்று, சில நாள் அவர் இறங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறேன்.

முப்பத்தோரு ஆண்டின் கூட்டுத்தொகை: 4.

ஒரே நாளின் நான்கு, அவராகவே சொல்லித்தான் பதிந்திருப்பேன். தேடி எடுத்தேன். 1997 ஆகஸ்ட் 19, முங்கல் எண் 1,163. மதகு பழுதுக்காக ஆறு வாரம் நீரோட்டத்தை நிறுத்தியிருந்தார்கள், சேறு படிந்துவிட்டது. முப்பத்தைந்து நிமிட வேலைக்கு நாற்பத்தாறு நிமிடம் இருந்திருக்கிறார். நான் கயிற்றை மூன்று முறை இழுத்ததும், அவர் வராததும் குறிப்பில் இருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே, அதிகமான பதினொரு நிமிடத்துக்கு விளக்கம் கேட்டு நான் கொடுத்த குறிப்பாணையின் நகல் குத்தியிருந்தது. அதன் கீழே அவர் கையெழுத்தில் பதில், ஒரே சொல்: "பார்த்துக்கொண்டிருந்தேன்."

அன்று அதைப் படித்து, திருப்தியற்ற விளக்கம் என்று எழுதிக் கோப்பில் சேர்த்தவனும் நான்தான்.

செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கைப்பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நான் போட்ட கணக்கு தப்பு. நீங்க தீவுக்குப் போயிட்டு வாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டல்ல தப்பா?"

"இல்ல. ஒரு பத்தியை எடுக்காம விட்டுட்டேன்."

"எந்தப் பத்தி?"

சொன்னேன். கையிலிருந்த பம்பு வளையத்தைத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு, "அது கடைசிப் பத்தி இல்லையா. எடம் பத்தாம பொடி எழுத்துல எழுதுவீங்க," என்றார்.

அறுபதைத் தாண்டியவர்கள் மருத்துவச் சான்று அனுப்ப வேண்டும் என்பது தீவின் விதி. அக்டோபர் 4 அன்று டாக்டரிடம் போனோம். இதயத் துடிப்பு சீராக இல்லை, தண்ணீருக்கு அடியில் போகவே கூடாது என்றார் டாக்டர். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஒரு வருடமாக இருக்கலாம் என்றார். என்னிடம் இன்னொரு தாளும் இருக்கிறது: 2011 ஏப்ரல் 11, ஓய்வுக்கு முந்தைய பரிசோதனை. "முங்கலுக்குத் தகுதி." என் சிவப்பு மைக்கு நூறு நாளுக்கு முன்பு.

வெளியே வந்ததும் அவர்தான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "முகத்தைத் தூக்கி வச்சிக்காதீங்க மச்சான். ஒங்களுக்கும் சேத்து டாக்டர் ஃபீஸ் கேட்டுடப் போறாரு."

இறங்காமல், கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மேலேயே குப்புற மிதந்து பார்க்கலாமா என்று தீவுக்கு எழுதினேன். டாக்டரிடமும் கேட்டேன், ஆள் துணையோடு, சட்டை மாதிரி மிதவை போட்டுக்கொண்டு என்றால் சரி என்றார். தீவிலிருந்து டிசம்பர் 2 அன்று பதில் வந்தது. தாராளமாக வரலாம். நானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம். நீங்க வந்தா கரையில வாட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க."

2014 ஜனவரி 28 அன்று அவரும் என் தங்கையும் கப்பலேறினார்கள். பிப்ரவரி 8 அன்று திரும்பினார்கள். துறைமுகத்தில் காத்திருந்தேன். தங்கை வந்ததும் வராததுமாக, "மூணு நாள் வாந்திண்ணே. இவரு என்னடான்னா தண்ணியில கவுந்து கெடந்து முதுகை வேக வச்சிக்கிட்டு வந்திருக்காரு. சட்டை போட முடியல," என்றாள். அவர் மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு பின்னால் மெதுவாக நடந்து வந்தார்.

"எப்படி இருந்துச்சு மாப்ளே? தகுமா?"

"எழுதிப் போட்டிருக்கேன். வரும்."

"வாயால சொல்லக் கூடாதா?"

"வாயால சொன்னதை நீங்க எப்ப நம்பியிருக்கீங்க?"

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு தடவை சந்தித்திருப்போம். நான் கேட்கவில்லை, கடிதம் வரட்டும் என்று இருந்தேன். அவரும் சொல்லவில்லை. தீவில் தபால் பையை முன்பே கட்டிவிட்டதால், அவர் ஏறிய கப்பலில் கடிதம் ஏறவில்லை என்பதும், அடுத்த கப்பலுக்கு ஐந்து வாரம் ஆகும் என்பதும் பின்னால் விசாரித்தபோதுதான் தெரிந்தது. மார்ச் 6 காலையில், குழாயடியில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்துத் தங்கை போயிருக்கிறாள். பக்கத்தில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பதினான்காம் பதிவேட்டில் 2,214-க்குக் கீழே கோடுகள் மிச்சம் இருக்கின்றன. கடிதத்தை அங்கே அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறேன்:

"பிப்ரவரி 3. இறங்கியது 9.10. ஏறியது 11.25. ஆழம்: 0. பார்வைத் தூரம்: 28, நங்கூரக் கயிற்றில் முடிச்சு எண்ணி அளந்தது. வேலை: இல்லை. குறிப்பு: நேர் கீழே ஆமை ஒன்று போயிற்று. பின்னால் போக அனுமதி இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்."

வந்து சேர்ந்தது: 2014 மார்ச் 21.