தாளில் கறுத்த பெண்

போன வாரம் என் அக்கா மகளின் நிச்சயதார்த்தப் படங்களை வாங்க, பீடோங்கில் இருக்கும் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். ஸ்டெல்லாவும் அவள் கணவர் ஆரோக்கியமும் நடத்தும் கடை. அவள் கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துவாள். அவர் பிரிண்ட் போடுவார்.

நான் போன நேரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் எங்கள் படங்கள்தான். திரையில் பளிச்சென்று இருந்த பெண், தாளில் கறுத்துப் போயிருந்தாள்.

"அவரு மெஷின்தான் இருட்டா அடிக்குதுக்கா," என்றாள் ஸ்டெல்லா.

"அவ அனுப்புறதுதான்லா வருது. நீங்களே கேளுங்கக்கா," என்றார் ஆரோக்கியம். இரண்டு பேரும் என்னிடம்தான் சொன்னார்கள்.

ஸ்டெல்லா திரையின் நிறங்களை அளந்து திருத்தும் கருவியையே வாங்கி வைத்திருக்கிறாள். அதைப் போட்டுச் சரிபார்த்தாகிவிட்டது. பிறகு எப்படித் தப்பாகும்?

நியாயமான கேள்விதான். ஆனால் பெண் கறுத்துத்தானே கிடக்கிறாள்…

கடைசியில் ஸ்டெல்லா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். திரையிலும் வெறும் வெள்ளையை வைத்தாள். தாள் தாளாக இருந்தது. திரை டியூப்லைட் மாதிரி எரிந்தது.

கருவி நிறத்தைத் திருத்தியிருந்தது. வெளிச்சத்தை இவள் உச்சத்திலேயே விட்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் இருட்டான படம்கூட நன்றாகத்தான் தெரியும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் ஏது?

இரண்டு வெள்ளையும் ஒன்றாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். இப்போது எங்கள் பெண் திரையிலேயே கறுத்துத் தெரிந்தாள். படத்தைத் திருத்தி அனுப்பினாள். ஆரோக்கியம் புதுப் பிரிண்டை நீட்டினார். பெண் அவள் நிறத்தில் இருந்தாள்.

ஸ்டெல்லா அதைப் பார்க்கவில்லை. பழைய கல்யாண ஆல்பங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தாள். எல்லாமே இருட்டு.

"ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலியே…"

உடனே சுங்கை லாலாங்கில் இருக்கும் லெட்சுமிக்குப் போன் போட்டாள். அவர் மகள் கல்யாண ஆல்பம் இவர்கள் செய்ததுதான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அக்கா, ஒங்க ஆல்பத்துல படமெல்லாம் கறுப்பா வந்துருச்சி. புதுசா போட்டுத் தரேன்."

"அப்படியா தங்கச்சி? நாங்க கறுப்புதானே. அதான் அப்படி வந்துருக்குன்னு நெனச்சோம்."

ஆரோக்கியம் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டெல்லாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இல்லக்கா," என்றாள். "ஒங்க கலர்ல ஒரு தப்பும் இல்ல. எங்க கம்ப்யூட்டர்லதான்."

வீட்டுக்கு வந்ததும் என் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் நான் எனக்கு இல்லாத வெள்ளை நிறத்தில் இருந்தேன்.

எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் குறை சொல்லவில்லை — நான் உட்பட.