பச்சை ஸ்டிக்கர்

அந்தக் கட்டட வேலையிடத்தில் எல்லோரும் அவளை 'ஸ்டிக்கர் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். உயரத்தில் ஏறுவதற்கான பாதுகாப்புப் பயிற்சியை யார் யார் முடித்தார்கள் என்று கணினியில் பதிவது அவள் வேலை. முடித்தவர் ஹெல்மெட்டில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவாள். பச்சை இருந்தால் சாரத்துப் பக்கம் போகலாம், ஏறலாம். இல்லையென்றால் முடியாது.

எதையும் துருவிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அன்று காலை சாரத்தடியில் புதிதாக ஒரு பெயின்டர் பாதுகாப்பு பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தொடைப் பட்டைக்குள் தலையை நுழைத்திருந்தான். ஹெல்மெட்டிலோ பச்சை பளிச்சென்று இருந்தது.

"தம்பி, இப்படி மாட்ட யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் இல்லக்கா. நேத்துதான வந்தேன்."

"அப்போ இந்த ஹெல்மெட்?"

"காயவெச்சிருந்தாங்க. தலைக்குச் சரியா இருந்துச்சு."

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. சாயங்காலம் வியர்வை நாற்றம் போக ஹெல்மெட்டுகளைக் கழுவிச் சுவர்மேல் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்களாம். காலையில் கைக்கு வந்தது அவரவர் தலைக்கு. ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாகத் தான் அடையாளம் போட்டது ஆளுக்கா, பிளாஸ்டிக்குக்கா என்று யோசித்தபடி நின்றாள்.

பெயின்டரை ஏறவிடவில்லை. மதியம் வகுப்பு, நாளைக்கு ஏறட்டும் என்றாள். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. நாளைக்குச் சாரத்தைப் பிரிக்கப் போகிறார்கள், வெளிச்சுவருக்கு யார் பெயின்ட் அடிப்பது என்று குதித்தார். ஒருநாள் தள்ளிப் பிரிக்கச் சொல்லுங்கள், அவன் விழுவதைத் தள்ளிவைக்க முடியாது என்று அவளும் அசையவில்லை.

மேஸ்திரி அவள் தலையைப் பார்த்தார். "சரிம்மா. உங்க பச்சை எந்த வகுப்புல வாங்கினது?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஓரம் உரிந்த பச்சை ஸ்டிக்கர். வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டோர்காரர் கொடுத்தபோதே அது அதில் இருந்தது. அதோடுதான் பலமுறை மேல்தளம்வரை போய்வந்திருக்கிறாள். ஊரையெல்லாம் துருவியவளுக்கு இதைத் துருவத் தோன்றவே இல்லை. வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம் வந்தது. பெயின்டருடையதையும் தன்னுடையதையும் சேர்த்து உரித்தாள்.

மதியம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெல்ட் மாட்டும் முறை வந்தபோது அவள் கைகள் பட்டைகளுக்குள் சிக்கிக்கொண்டன; ஒரு பட்டையைத் தலைவழியாக மாட்டப் போனாள். பெயின்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான்.

"அது தொடைக்கு, அக்கா. தலையை நுழைக்காதீங்க."