மொன்ஸ் வால் தூக்கிய நாட்கள்

மொன்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதன் சீதனமாக ஒரு மணல் தட்டு, இரண்டு கிண்ணங்கள், ஒரு தாள் ஆகியவை கூடவே வந்தன. மேல்மாடியில் இருந்த நோர்வேஜியத் தாதிக்கு ஸ்தவாங்கரில் வேலை கிடைத்திருந்தது. அங்கே போகிற வீட்டில் பூனைக்கு அனுமதி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சாம்பல் நிறப் பூனையை அப்பாவின் கையில் வைத்தவர், அதன் குணங்களைப் பன்னிரண்டு குறிப்புகளாக எழுதிய தாளை என்னிடம் தந்தார். வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு நோர்வேஜிய மொழி போதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். மேசையில் இருக்கிற கிளாஸைத் தட்டி விழுத்தினால் அதற்குப் பொழுது போகவில்லை. காலுறையைக் கவ்வி வந்து காலடியில் போட்டால் அது பரிசு, ஏசக்கூடாது. நான்காவது, கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் உங்களை நம்புகிறது. ஏழாவது குறிப்பை மட்டும் அவர் அடிக்கோடிட்டிருந்தார். வாலை நேரே தூக்கி அதன் நுனியை மட்டும் வளைத்தால், தனக்குத் தெரிந்த ஆளுக்கு வணக்கம் சொல்கிறது. தெரியாத ஆட்களுக்கு மொன்ஸ் ஒருநாளும் அப்படிச் செய்யாது.

எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் கடைசி. ஒஸ்லோவின் ஓரத்தில் வெஸ்ட்லியில், ரயில் வந்து நின்றுவிடுகிற இடத்தில், எட்டாவது மாடியில் இருந்தோம். அம்மாவின் வயிற்றில் பாப்பா இருந்தது. முன்பு ஒன்று தங்காமல் போனதால், கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு மீன் மணம் ஆகவே ஆகாது. அதனால் வீட்டில் மீன் சமைப்பது நின்றுபோயிருந்தது. பூனையின் மணல் தட்டுக்குக் கிட்டவும் போகக் கூடாது என்பதால் அந்த வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, வீட்டிலும் அவர்தான் எல்லாம்.

அம்மாவுக்கு ஒரேயொரு தம்பி, வன்னியில் இருந்தார். நான் அவரை நேரில் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ ஒரு கடையிலிருந்து தொலைபேசி எடுப்பார். "என்ன மருமோள், பனிக்குள்ளை விறைச்சுப் போகேல்லையோ?" என்று கேட்டுவிட்டு என் பதிலைக் கேளாமலே சிரிப்பார். மாரி தொடங்கிய பிறகு அவருடைய அழைப்பு வரவில்லை. அங்கே சண்டை பெருத்துவிட்டது, லைன் இல்லை என்று அப்பா சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

வீட்டு மிருகம் ஒன்றைத் தினமும் கவனித்து எழுதும்படி பள்ளியில் ஆசிரியை சொன்னது அந்த நேரத்தில்தான். நான் கட்டம் போட்ட கொப்பி ஒன்றை எடுத்து ஆராய்ச்சியாளராகிவிட்டேன். பன்னிரண்டு குறிப்புக்கும் பன்னிரண்டு நிரல். மொன்ஸ் ஒன்றைச் செய்தால் அந்த நாளுக்கு ஒரு சரி அடையாளம். ஒவ்வொரு நாள் மாலையும் அம்மாவின் கால்மாட்டில் இருந்து செய்தி வாசிப்பவரைப் போல வாசித்துக் காட்டுவேன். நாள் முழுக்கக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்திருக்க வேண்டும்.

ஏழாவது நிரலில் முதல் அடையாளம் ஒரு வியாழக்கிழமை விழுந்தது. அன்றைக்கு அப்பா வேலையால் வந்தும் காரை விட்டு இறங்கவில்லை. மேலே இருந்து பார்த்தேன். விளக்கு எரிந்தபடி, துடைப்பான் ஓடியபடி, கார் அப்படியே நின்றது. பனி பெய்யவில்லை. நான் வீட்டுப்பாடம் முடிக்கும் வரை அவர் இறங்கவே இல்லை. பிறகு மேலே வந்து, முகம் கழுவி, வழமைபோலத் தேநீர் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் நான் அறைகளுக்கு நடுவே இருந்த நடைக்கு வந்தபோது மொன்ஸ் சாமான் அறைக்கு முன்னால் நின்றது. பெட்டிகளும் கோடைக்கால டயர்களும் போட்டுவைக்கிற, ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்க முடியாத சின்ன அறை. கதவு சாத்தியிருந்தது. மொன்ஸின் வால் தடிபோல நின்றது, நுனி மட்டும் வளைந்திருந்தது. தொண்டைக்குள்ளே ஒரு மாதிரிக் குறுகுறுத்து, கன்னத்தைக் கதவில் உரசியது. பிறகு அண்ணாந்து, ஒரு ஆளின் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறந்தது.

ஒஸ்லோவில் டிசம்பர் மாதத்து நான்கு மணி என்பது இருட்டுத்தான். நடையின் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். கதவில் ஒன்றும் இல்லை. என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. ஆனாலும் ஆராய்ச்சியாளர் அல்லவா? ஏழுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று இரண்டு அடையாளம் போட்டேன்.

அடுத்த நாளும் அதே நேரம், அதே இடம். அதற்கடுத்த நாளும். ஏழாவது குறிப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் தலையைத் தூக்கினார்.

"ஆரைப் பாத்து வாலைத் தூக்கினது?"

"ஒருத்தரையுமில்லை. கதவைப் பாத்து."

அம்மா நடைப்பக்கம் பார்த்தார். பிறகு போர்வையை வயிறுவரை இழுத்துவிட்டார். "டின்மீன் மணக்குது," என்றார். அப்போது உள்ளே வந்த அப்பா, "வீட்டிலை மீனே இல்லையப்பா. உமக்கு இப்ப எல்லாம் மணக்கும்," என்றார். அம்மா ஒத்துக்கொண்டார். "தம்பிக்கு டின்மீனும் பாணும் எண்டா உயிர். அவன்ரை நினைப்பாத்தான் இருக்கும்."

அதன்பிறகு நடையால் போகும்போது நான் சுவரோடு ஒட்டி ஓடப் பழகினேன். மொன்ஸ் என்னைப் பார்க்கும்போதும் என் முகத்தைப் பார்க்கிறதா, தோளுக்கு மேலே வேறு எதையாவது பார்க்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. பூனைகள் வெறும் சுவரைப் பார்க்கும் என்று நூலகத்துப் புத்தகத்தில் போட்டிருந்தது. எங்களுக்குக் கேளாத சின்னச் சத்தங்கள் அவற்றுக்குக் கேட்குமாம். சுவரை நம்பி அது எதற்காக வணக்கம் சொல்கிறது என்று புத்தகத்தில் இல்லை.

அப்பாவும் பழைய ஆளாக இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், அந்த மாதம் கோயில் பக்கமே போகவில்லை. அம்மா கேட்டபோது, "றோட்டு வழுக்குது," என்றார். வேலைக்குப் போகும்போது மட்டும் அது வழுக்கவில்லை.

பத்தொன்பதாவது அடையாளம் போட்ட அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா நித்திரை. அப்பா குளியலறையில் நின்றார். மொன்ஸ் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்க, சாமான் அறைக் கதவை ஒரு விரலளவு திறந்தேன்.

உள்ளே இருட்டு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய டயர்களின் மேல் ஒரு தேநீர்க் கோப்பை இருந்தது. அதிலிருந்து ஆவி பறந்தது. பக்கத்தில் ஒரு தட்டு, அதில் இரண்டு துண்டுப் பாண், பாணின்மேல் தக்காளிச் சாற்றோடு டின்மீன். ஆள் இல்லை. சூடான தேநீர் மட்டும் யாரையோ பார்த்துக்கொண்டு இருந்தது. மொன்ஸ் என் காலுக்கிடையால் உள்ளே நுழைந்து, டயர்களுக்கு மேலே இருந்த இருட்டைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து பூனையை வெளியே எடுத்துக் கதவைச் சாத்தியது. கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

"சத்தம் போடாதை, பிள்ளை. அம்மாவுக்குக் கேக்கும்," என்றார் அப்பா.

"உள்ளுக்கு ஆர்?"

அப்பா பூனையைக் கீழே விட்டார். அவருடைய முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில், "மாமா," என்றார்.

"வந்திட்டாரோ?"

"ஓம். வந்திட்டார். பாப்பா பிறக்குமட்டும் அம்மாவுக்குச் சொல்லக்கூடாது. தெரிஞ்சால் அம்மா எழும்பி ஓடிவருவா, பாப்பாவுக்குக் கூடாது. அப்பாவின்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். அந்த நொடியே என் பயத்தில் பாதி போய்விட்டது, ஏனென்றால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முந்தின வருடம் அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் விசா இல்லாமல் வந்து எங்கள் வீட்டில் இரண்டு கிழமை இருந்தார். யாராவது மணி அடித்தால் எழும்பிப் போய் அந்தச் சாமான் அறைக்குள்தான் ஒளிவார். பள்ளியில் வாய் திறக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. ஆகவே மாமாவும் அப்படித்தான் வந்திருக்கிறார். பெட்டிகளுக்குப் பின்னால் எங்கேயோ ஒளிந்திருக்கிறார். எனக்குத் தெரியாத ஆளை மொன்ஸ் பழக்கம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

மற்றப் பாதிப் பயம் போகவில்லை. பின்னேரங்களில் கதவில் காதை வைத்துக் கேட்பேன். இருமல் இல்லை, அசைவு இல்லை, மூச்சுக்கூட இல்லை. "மாமா, நான்தான்," என்று சாவித் துவாரத்துக்குள் சொல்வேன். உள்ளே இருந்து குளிர்காற்று என் உதட்டில் படும். மாமா நன்றாக ஒளியத் தெரிந்தவர் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆறு மணிக்கு அப்பா கோப்பையை எடுத்துவந்து தொட்டிக்குள் ஊற்றிவிடுவார். தேநீர் ஆறிப்போய் அப்படியே முழுதாக இருக்கும். மீனை மொன்ஸுக்கு வைப்பார். ஒருநாள் நான் மாமா சைக்கிள் ஓடுகிற மாதிரி ஒரு படம் கீறி, கதவின் கீழால் தள்ளிவிட்டேன். அடுத்த நாள் எட்டிப்பார்த்தேன், அந்தப் படம் அங்கே இல்லை. மாமா எடுத்துவிட்டார். சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை விடிந்ததும் அப்பா ஒரு பையோடு வெளியே போனார். மத்தியானம் வந்தபோது அவருடைய ஜீன்ஸ் முழங்கால்வரை நனைந்து, பலகை போல விறைத்திருந்தது. நடக்கும்போது சத்தம் கேட்டது. எங்கே போனனீங்கள் என்று அம்மா அறைக்குள்ளிருந்து கேட்டார். "கடற்கரைப் பக்கம், கார் கழுவ," என்றார் அப்பா. வெளியே சுழியத்துக்குக் கீழே பதினொரு பாகை. அன்றைக்கும் நான்கு மணிக்கு மொன்ஸ் வாலைத் தூக்கியது, நானும் அடையாளம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மொன்ஸ் கதவடிக்குப் போனது. மோந்து பார்த்தது. வால் கீழேயே கிடந்தது. பிறகு திரும்பி வந்து வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் சுருண்டுகொண்டது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பெட்டிகள், டயர்கள், மேல் டயரில் தேநீர்க் கோப்பையின் வட்ட அடையாளம். மாமா சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிய பெரியப்பாவிடம் அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்தது.

சத்தியம் சத்தியம்தான், மாமாவைப் பற்றிப் பேசக் கூடாது. பூனையைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அம்மாவிடம் கொப்பியைக் கொண்டுபோய், "மொன்ஸ் இண்டைக்கு வாலைத் தூக்கேல்லை. முடிஞ்சுது," என்றேன்.

"எத்தினை நாள் தூக்கினது?"

அது என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் சரியான கேள்வி. எண்ணிச் சொன்னேன். "முப்பத்தொண்டு."

அம்மா எழும்பி இருந்தார். கொப்பியை வாங்கி, விரலை ஒவ்வொரு அடையாளத்திலும் வைத்து, மேலிருந்து கீழே தானும் ஒருமுறை எண்ணினார். பிறகு முதல் அடையாளத்துக்குத் திரும்பிப்போய் அந்த வியாழக்கிழமையில் விரலை வைத்தபடி இருந்தார். வயிற்றை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாளும் வீட்டில் அவருக்குத் தேநீரும் பிடித்த சாப்பாடும் வைப்பார்கள். அதுவரை வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகமாட்டார்கள். முப்பத்தோராம் நாள் கடலில் இறங்கி அந்தியேட்டி செய்து ஆளை வழியனுப்புவார்கள். இது எனக்குத் தெரியவர இன்னும் எத்தனையோ வருடங்கள் இருந்தன.

"சமையலறையிலை டின்மீன் இருக்கும். பாணிலை வைச்சுக் கொண்டா," என்றார் அம்மா. மேல்தட்டில், மா போட்டுவைக்கிற பேணிக்குப் பின்னால், பாதி டின் இருந்தது. மீனே இல்லை என்று அப்பா சொன்ன வீட்டில் அம்மா அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று வியந்துகொண்டு கொண்டுபோனேன். ஓங்காளிக்காமல், வாந்தி எடுக்காமல் முழுவதையும் சாப்பிட்டார். ஒருபோதும் தொடாத பூனைக்கு ஒரு துண்டு கிள்ளிப் போட்டார். கண்ணீர் தன்பாட்டில் ஓடியது. மீன் மணம் கண்ணில் பட்டுவிட்டது போலும் என்று நினைத்தேன்.

தேநீரோடு வந்த அப்பா வாசலில் நின்றுவிட்டார். தட்டைப் பார்த்தார். அம்மாவின் மடியில் விரிந்து கிடந்த கொப்பியைப் பார்த்தார்.

"இனிக் கோயிலுக்குப் போட்டு வாங்கோ," என்றார் அம்மா. "இனி றோட்டு வழுக்காது."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அவர் அப்படியே கட்டிலின் ஓரத்தில் இருந்து, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கோ அம்மாவை நினைக்கப் பாவமாக இருந்தது. மாதக்கணக்காகப் படுத்த படுக்கையில் இருக்கிறவருக்கு வெளியே நடப்பது எப்படித் தெரியும்? யன்னலடிக்குப் போய்ப் பார்த்தேன். தெருவிளக்கின் கீழே தெரு முழுக்கக் கண்ணாடிபோல் ஐஸ்.

"இல்லை அம்மா," என்று திருத்தினேன். "இண்டைக்குத்தான் நல்லா வழுக்குது."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னதுதான் சரி என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.