கரடிக்கு என்ன கவலை?

இந்த நேரத்தில் அம்மாமார் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போதுதான் தூங்கினார்கள்.

இன்று கிண்டர்கார்டனில் ஆசிரியை என்னை மறித்தார். ஒரு பிள்ளை விழுந்து அழுததாம். மற்றவர்கள் ஓடிப்போய்ப் பார்க்க, என் நான்கு வயது மகள் மட்டும் தாண்டிப் போய்ச் சறுக்கி விளையாடினாளாம்.

"இதை வீட்டில் வாசியுங்கள். அடுத்தவர் மனம் புரியும். அவள் என்ன சொன்னாள் என்று நாளைக்குச் சொல்லுங்கள்" என்று ஒரு படப்புத்தகம் தந்தார்.

பின்னேரம் வாசித்தோம். நண்பனைப் பிரிந்த கரடி தனியே அழுகிறது.

"கரடிக்கு இப்ப எப்பிடி இருக்கும், செல்லம்?"

அவள் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுங்கோ அம்மா."

சின்னவன் பிறந்ததிலிருந்து எனக்கு அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கரடியைப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை.

"பசிக்குது போல" என்றேன்.

"ஐயோ பாவம்!" கையிலிருந்த வெண்ணெய் தடவிய பாண் துண்டைக் கரடியின் வாயில் வைத்து அழுத்தினாள். இரவல் புத்தகம், பெரிய கறை.

மகளைப் பற்றி ஆசிரியையிடம் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது. என்னைப் பற்றி யாரிடம் சொல்வது? உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா? விடிவதற்குள் ஒரு வரியாவது எழுதுங்கள்.