ரைட்டர் எழுதிய காரணம்

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் சக்கரபாணி முதலில் கேட்பது இதைத்தான். பெயர், வயது, மற்ற விவரமெல்லாம் பிறகு. அவருடைய தோள்பையில் ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும். அதைத் தொடக்கூட மாட்டார். கொடுத்த சொம்பை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "உங்க வூட்டுத் தண்ணி நல்லா இருக்குதும்மா" என்பார். அதைக் கேட்டதும் சில பெண்கள் அழுதுவிடுவார்கள். தற்கொலை நடந்த வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. கருமாதி முடிந்து இரண்டு வருடம் ஆனாலும், உறவுக்காரர்கள்கூட வாசலில் நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டு, என்னவோ அவசர வேலை இருப்பதுபோலக் கிளம்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு வெளி ஆள் வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பது சின்ன விஷயம் இல்லை.

வயது அறுபத்திரண்டு. ஒல்லியான உடம்பு, சலவைச் சட்டை, பையில் நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று பேனா. வண்டி ஒரு பழைய மொபெட். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே என்ஜினை அணைத்துவிட்டு, தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டால், "சத்தம் போட்டுக்குனு போனா போலீசு வந்துட்டான்னு பயந்துடுவாங்க" என்பார். பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவர் இன்னும் ரைட்டர் ஐயாதான். புகார், வாக்குமூலம், அறிக்கை என்று காவல் நிலையத்தின் எழுத்து வேலை முழுவதையும் இருபத்தாறு வருடம் பார்த்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வேலை முடிந்தாலும் அந்தப் பாஷை நாக்கை விட்டுப் போகவில்லை. வீட்டில் மனைவி சரோஜாவிடம், "மேற்படி குழம்புல உப்பு கம்மி" என்பார். "மேற்படி ஆளே எழுந்து போயி போட்டுக்கட்டும்" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா வீட்டில் உட்கார அவரால் முடியவில்லை. அப்போதுதான் ஒரு பல்கலைக்கழகம் திருவண்ணாமலையில் ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. தற்கொலையில் ஆளை இழந்த குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேசுவது, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வருடம் தொடர்ந்து பார்ப்பது, தேவைப்பட்டவர்களை மனநல ஆலோசகரிடம் சேர்ப்பது, அடுத்த சாவைத் தடுக்க வழி உண்டா என்று பார்ப்பது. செங்கம் சாலையில், வெள்ளைக்காரர்கள் மூலிகை டீ குடிக்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். பொறுப்பாளர் பேராசிரியர் நந்தினி. ஊர் தெரிந்த ஆள், பேச்சுத் தெரிந்த ஆள் என்று யாரோ சொல்லித்தான் சக்கரபாணியைச் சேர்த்துக்கொண்டார்.

முதல் மாதமே ஒரு விஷயம் இடித்தது. அனுமதி வாங்கி எடுத்து வந்த பழைய பதிவுகளில் அறுபத்தெட்டு மரணங்கள் இருந்தன. அதில் நாற்பத்தொன்றுக்கு ஒரே காரணம்: தீராத வயிற்று வலி. பதினாறு வயதுப் பையனுக்கும் அதுதான், எழுபது வயதுக் கிழவருக்கும் அதுதான். நந்தினி பட்டியலைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, இந்த ஊர்த் தண்ணியில ஏதாவது பிரச்சினையா? முதல்ல வயித்து டாக்டரைத்தான் கூப்பிடணும் போல இருக்கு" என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சக்கரபாணி எழுந்து நின்றார். அதிகாரி முன்னால் நிற்கிற அதே விறைப்பு.

"வயித்து வலியெல்லாம் ஒன்னும் இல்ல மேடம். அது நான் எழுதுனது."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அந்த வார்த்தையை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த ரைட்டர் எழுதினார், பக்கத்து நிலையத்திலும் எழுதினார்கள், மறுநாள் பேப்பரிலும் அப்படியே வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் குடும்பம் கதறிக்கொண்டிருக்கும். பொழுது சாய்வதற்குள் உடலை வாங்கியாக வேண்டும். வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கும். காதல், கடன், குடி, அடி, பரீட்சை என்று எதை எழுதினாலும் ஊர் அதையே பிடித்துக்கொண்டு மெல்லும். வயிற்று வலி என்றால் யாரும் யாரை நோக்கியும் விரல் நீட்ட முடியாது. ஆகவே அவர் குரலைத் தாழ்த்தி, "வயித்து வலின்னு போட்டுக்கலாமா?" என்பார். அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தான் செய்தது புண்ணியம் என்றே இருபத்தாறு வருடமும் நம்பினார்.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது பச்சையம்மாள் வீட்டில்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில், வேர்க்கடலை போடுகிற சின்னக் குடும்பம். ஏழு வருடத்துக்கு முன்னால் மூத்த மகள் கீதாஞ்சலி, பன்னிரண்டாவது படிக்கும்போது தற்கொலை செய்துகொண்டாள். அப்பன் காசி, "எதனா எழுதுங்க ஐயா, சின்னது ஒன்னு இருக்குது" என்று அழுதார். சக்கரபாணி வழக்கமானதையே எழுதினார். பச்சையம்மாள் அப்போது நினைவில்லாமல் கிடந்தாள். எழுந்த பிறகு, பேப்பரில் வந்ததைத்தான் அவளுக்குப் படித்துக் காட்டினார்கள். காசி உண்மையைச் சொல்லாமலே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஆக, மகளுக்கு உயிரை விடுகிற அளவுக்கு வயிற்று வலி இருந்தது, பெற்ற தாய் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் பச்சையம்மாளுக்குத் தெரிந்த உண்மை.

ஆய்வுக்காகப் போன முதல் நாளே அவள் சக்கரபாணியை அடையாளம் கண்டுகொண்டாள். "ரைட்டர் ஐயாவா? அன்னிக்கு எங்கள அலைய விடாம அனுப்பி வச்ச மகராசன்னு எங்கூட்டுக்காரரு சொல்லிக்குனே இருப்பாரு" என்று சொல்லி, சொம்பு நிறையத் தண்ணீரும் ஒரு தட்டு அவித்த கடலையும் கொண்டு வந்து வைத்தாள். அப்புறம் அலமாரியைத் திறந்து காட்டினாள். இளைய மகள் கவிநிலாவுக்கு இதுவரை எடுத்த வயிற்று ஸ்கேன்கள், பெரிய பெரிய உறைகளில், ஒன்பது. "பெரியவள கோட்டவுட்டேன் ஐயா. இவள வுட மாட்டேன். காரம் கிடையாது, கடை சாப்பாடு கிடையாது. தினம் காத்தால வயித்த அமுக்கிப் பாத்துட்டுதான் அடுத்த வேல."

கவிநிலாவுக்கு இப்போது பதினெட்டு. திருவண்ணாமலையில் கல்லூரி முதல் வருடம். இரண்டாவது முறை போனபோது கல்லூரிக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சக்கரபாணி பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. "மூணு வாரமா இப்டிதான். பேச்சு கம்மி, தூக்கமும் கம்மி. ஆனா வயிறு நல்லா இருக்குது ஐயா" என்றாள் தாய், நிம்மதியாக.

ஏழு வருடத்துக்கு முன்னால் கீதாஞ்சலியோடு படித்த இரண்டு பெண்கள் சக்கரபாணியிடம் சொன்னதும் இதே கதைதான். நாலு மாதமாகத் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். காதால் கேட்டார். காகிதத்தில் ஏற்றவில்லை. இப்போது இரண்டு பெண்களின் கதையையும் சேர்த்து அறிந்த ஒரே ஆள் அவர்தான்.

நந்தினியிடம் ஓடி வந்து சொன்னார். மறுநாளே ஆலோசகரோடு நந்தினி போனார். பச்சையம்மாள் வாசற்படியைத் தாண்ட விடவில்லை. "எம் பொண்ணுக்கு இன்னா பைத்தியமா? வயித்து டாக்டர்னா வாங்க, பாக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். திரும்பி வந்த நந்தினி சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அந்தப் பொண்ணை உடனே பார்க்கணும் சார். அவங்கம்மா தப்பான இடத்தையே காவல் காத்துட்டு இருக்காங்க. அதை மாத்தறதுக்கு என்கிட்ட வார்த்தை இல்லை."

வார்த்தை யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. ஒரு வீட்டில் சொன்னால் நாற்பத்தொரு வீட்டுக்கும் தெரிந்துவிடும். மகராசன் என்ற வாய்கள் என்ன சொல்லும் என்று யோசித்தார். சரோஜா தட்டை மூடி வைத்துவிட்டு, "எழுதுனது நீ. நீதான் போயி அழிக்கணும்" என்றாள். அன்றைக்கு அவள் மேற்படி என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. பச்சையம்மாள் உட்கார்ந்து விதைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னா ரைட்டர் ஐயா, இன்னிக்குத் தண்ணி கேக்கல?"

"சொல்ல வேண்டியத சொல்லிட்டுக் கேக்கறேன்மா." அவர் தரையில் உட்கார்ந்தார். "கீதாஞ்சலிக்கு வயித்து வலி இல்லம்மா. அது நானா எழுதுனது."

அவள் கை நின்றது. அவர் நிறுத்தாமல் சொன்னார். நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று தெரியும். ஆஸ்பத்திரி வராந்தா, காசி அழுதது, அந்த இரண்டு பெண்கள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். "இதுனாலதான்னு ஒன்ன மட்டும் காட்ட யாராலயும் முடியாதும்மா. மேடமும் அதான் சொல்றாங்க. ஆனா வயிறு இல்ல. நீ எதையும் பாக்காம வுடல. இல்லாத ஒன்ன எப்டிப் பாக்க முடியும்?"

"தூங்கலன்னாங்களா?"

"ஆமாம்மா."

"சுவத்தப் பாத்துக்குனு..."

அவள் முடிக்கவில்லை. மெல்லத் திரும்பி உள்ளறையைப் பார்த்தாள். பெண் அங்கே சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

"ஏழு வருஷம்யா" என்றாள் பச்சையம்மாள். "ஏழு வருஷமா இவ வயித்தயே தடவிக்குனு இருந்தேனே. ஒரு நாளுகூட இவ மூஞ்சப் பாக்கலியே." மடியிலிருந்த கடலை கொட்டியது. எழுந்தாள். அடித்துவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார், அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்தே இருந்தார்.

"இனிமே என் வூட்ல உனக்குத் தண்ணி கிடையாது. ஆனா போயிடாத. அந்தம்மாவ வரச் சொல்லு. அவங்க வர்ற வரைக்கும் இங்கியே இரு."

உள்ளே போனாள். மகளுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, சுவருக்கும் அவளுக்கும் நடுவே முகத்தை நுழைத்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். நந்தினிக்குப் போன் செய்தார். கிளம்பிவிட்டோம், பௌர்ணமிக் கூட்டம், வண்டி நகர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்.

எதிர்வீட்டு வேப்பமரத்தடியிலிருந்து ஒருவர், "ஐயா, நெழலுக்கு வந்து குந்துங்க" என்று கூப்பிட்டார். சக்கரபாணி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்திலேயே, காய்கிற கடலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் தாயின் குரல் மட்டும் கேட்டது. வயிறு என்ற சொல்லே அதில் இல்லை. "இன்னாடா கண்ணு, சொல்லுடா, நான் கேக்கறேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு குரல் கேட்டது. மூன்று வாரம் பேசாததால் கட்டிப்போன குரல். இரண்டு வார்த்தை வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

அவர் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டது. உடனே கையை விலக்கிக்கொண்டார். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. தோள்பையைத் திறந்து பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். உள்ளே அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். மூடியைத் திரும்ப இறுக்கி, நிறைந்த பாட்டிலை அப்படியே பைக்குள் வைத்துவிட்டார்.