மாமாவுக்குக் கொடுத்த முதல் பியர்

போத்தலின் மூடியைத் திறந்தபோது எழுந்த 'புஸ்' என்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நல்ல சத்தம். உள்ளே வாயு போதுமான அழுத்தத்தில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று வாசித்திருந்தேன். மண்ணிறப் போத்தலின் கழுத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டில் என் கையெழுத்தில் "1/30, அடைத்தது 21.07.2012" என்று இருந்தது. திறந்தது ஓகஸ்ட் 11, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி கடந்து சில நிமிடங்கள். அடைத்து இருபத்தொரு நாள், கலந்து முப்பத்தைந்து நாள். எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது. அதன் பிறகுதான் மணம் வந்தது. வறுத்த மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய். சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுக் கராஜில், மறுநாள் விமானம் ஏறவிருந்த என் மாமனாருக்கு, கறித்தூள் மணக்கும் பியரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மாமா ஏசுவதில் பேர்போனவர். மாமி, என் மனைவி, தபால்காரர், கோயில் ஐயர் என்று அவரிடம் ஏச்சு வாங்காதவர் ஊரில் குறைவு. தேத்தண்ணியில் சீனி அரைக் கரண்டி கூடினாலும் அதற்கு ஒரு சொல் இருக்கும். எனக்கு மட்டும் ஒருநாளும் விழுந்ததில்லை. என் நண்பர்கள் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2006இல் சிட்னியில் நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது அவர் வேறொரு வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வருடம் மகளோடு பேசவில்லை. 2009 டிசம்பரில் பேசத் தொடங்கியபோது என்னையும் தொலைபேசிக்கு அழைத்து, ஒரு வங்கி முகாமையாளர் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல மிகப் பணிவாக நலம் விசாரித்தார். அந்தப் பணிவு பிறகு குறையவே இல்லை. அவர் வாய் திறந்து ஏசுகிற மனிதர்கள் எல்லோரும் அவருடைய மனிதர்கள். நான் வெளியே நின்றேன்.

2012 மே மாதம் மூன்று மாத விசாவில் மாமாவும் மாமியும் ஊரிலிருந்து வந்தார்கள். வந்த இரண்டாம் கிழமை நண்பர் ஒருவரின் வீட்டில் பிறந்தநாள் விழா. இங்குள்ள எங்கள் வழக்கப்படி பெண்கள் வீட்டுக்குள், ஆண்கள் கராஜில். மாமா கராஜுக்குள் நுழைந்தவுடன் நான் கையிலிருந்த கிளாஸைப் பெயின்ற் வாளிக்குப் பின்னால் வைத்தேன். அவர் காணாததுபோல மறுமூலைக்குப் போனார். அங்கே அவருக்கு யாரோ கொடுத்த கிளாஸை நான் எட்டிப் பார்த்தவுடன் அவர் கதிரைக்கு அடியில் வைத்தார். இரண்டு மணித்தியாலம் இருவரும் தாகத்தோடு இருந்தோம். மாமனுக்கு முன்னால் மருமகன் குடிப்பதில்லை, மருமகனுக்கு முன்னால் மாமன் குடிப்பதில்லை. இருவரும் குடிப்பது ஊருக்கே தெரியும்.

ஜூன் கடைசியில் நான் வீட்டில் பியர் வடிக்கும் சாமான்களை வாங்கி வந்தேன். பெட்டியிலிருந்த குறிப்புத் தாளை மாமா எடுத்து, கண்ணாடியை மாற்றிப் போட்டு, இரண்டு தரம் வாசித்தார்.

"இதை நாங்களே வடிக்கலாமோ தம்பி?"

"ஓம் மாமா. ஆறு கிழமை வரையில செல்லும்."

அவர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப நான் போக முதல் ரெண்டு பேரும் குடிச்சுப் பாக்கலாம்."

இரண்டு பேரும் என்றார். அன்று இரவு மனைவியிடம் அதை மூன்று முறை சொன்னேன். "சரி சரி, பியரோட ரெண்டு ஏச்சும் வாங்கினா உங்களுக்குப் பிறவிப் பயன்" என்றாள். அவள் பகிடியாகச் சொன்னாள். எனக்கு அது உண்மையாகவே வேண்டியிருந்தது.

நான் எதையும் வாசிக்காமல் தொடங்குகிறவன் அல்ல. பியரைப் புளிக்க வைக்கும் மதுவம் என்ற நுண்ணுயிர் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதிலிருந்து, மடாலயங்களில் துறவிகள் பியர் வடித்த வரலாறு வரை வாசித்து முடித்தேன். ஜூலை 7ஆம் திகதி, பெட்டியோடு வந்த தொட்டியில், மோல்ற் எனப்படும் முளைவிட்ட பார்லிப் பாகைச் சுடுநீரில் கரைத்து மதுவத்தைத் தூவினோம். ஜூலை இங்கே குளிர்காலம், கராஜ் குளிரும் என்பதால் மாமா தன் கம்பளியைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிக் கட்டினார். காலையும் மாலையும் வெப்பநிலையை நான் எழுதினேன். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, மூடியிலிருந்த குழாயில் குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூச்சு விடுது தம்பி" என்பார். அந்த இரண்டு கிழமையில் அவர் என்னோடு பேசியது அதற்கு முந்திய ஆறு வருடத்தில் பேசியதைவிட அதிகம்.

தவறு போத்தலில் அடைத்த அன்று நடந்தது. போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனி சேர்க்க வேண்டும், அதுதான் நுரையைத் தரும். பெட்டிக் குறிப்பு போத்தலுக்கு ஒரு கரண்டி போடச் சொன்னது. நான் வாசித்த புத்தகங்களோ, முழுவதையும் இன்னொரு பெரிய பாத்திரத்துக்கு மாற்றி, சீனிப் பாகை அதில் ஒரேயடியாகக் கலந்தால்தான் எல்லாப் போத்தலும் ஒரே அளவாக இருக்கும் என்றன. நான் புத்தகத்தின் பக்கம். எங்களிடம் இருந்த ஒரே பெரிய பாத்திரம் மூடியுள்ள வெள்ளைப் பிளாஸ்ரிக் வாளி. மனைவி கறித்தூள் போட்டு வைப்பது. வீட்டுக்குள் மிளகாய் வறுத்தால் புகை அபாய மணி அலறும் என்பதால் இங்கே எங்கள் ஆட்கள் பலரும் கராஜில்தான் தூள் வறுப்பார்கள். வறுத்து இடித்த தூள் இரண்டு வருடமாக அந்த வாளியில்தான் இருந்தது. நான் வாளியைக் காலிசெய்து, சுடுநீரில் மூன்று தரம் கழுவி, கிருமிநாசினியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, கவிழ்த்து வைத்தேன்.

மாமா வாளிக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தார்.

"தம்பி, தூள் மணம் நிக்குது."

"அது பரவாயில்லை மாமா. கிருமிதான் பிரச்சினை. கிருமி முழுக்கச் செத்துப்போச்சு."

"இல்லை, மணக்குது…"

"புத்தகத்திலை வடிவாப் போட்டிருக்கு மாமா. ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. இப்போது நினைத்தால், அந்த ஒரு கணத்தில் ஏச்சு அவருடைய நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும். "உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போத்தல்களை வரிசையாக அடுக்கத் தொடங்கினார். அன்றைக்கு என் குறிப்பில் "எல்லாம் முறைப்படி நடந்தது" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

ஆகவே ஓகஸ்ட் 11ஆம் திகதி. மனைவி பொரித்த கடலையோடு வந்தாள். என் கிளாஸை மணந்து பார்த்தாள்.

"கொஞ்சம் புளி விட்டா ரசம் வைக்கலாம்."

"சும்மா இரு பிள்ளை" என்றார் மாமா.

நான் ஒரு வாய் குடித்தேன். முதலில் கசப்பு, அதன் பின்னால் மல்லி, தொண்டையில் மிளகாய்க் காரம். விழுங்குவதற்கே மனத்தைத் திடப்படுத்த வேண்டியிருந்தது. மாமா ஆறுதலாகக் கிளாஸை உயர்த்தி, பாதி வரை குடித்து, மேசையில் வைத்தார்.

"நல்லாயிருக்கு."

"மாமா, தூள் மணக்குது. நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரி. நான்தான் கேக்கேல்லை."

"அப்பிடியொண்டும் பெரிசா இல்லைத் தம்பி."

"தொண்டை எரியுது மாமா."

"குளிருக்கு நல்லது. இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

ஊற்றினேன். அதையும் குடித்தார். கண்ணோரம் நீர் கசிந்தது, துடைக்கவில்லை. ஆறு வருடம் காத்திருந்து, முப்பத்தைந்து நாள் எண்ணி, கதிரை போட்டு எதிரே இருத்தி, பிழையையும் ஒப்புக்கொண்டு, ஏசுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை ஒரு மனிதனுக்கு எப்படிக் கொடுப்பது? தேத்தண்ணியில் அரைக் கரண்டி சீனிக்குக் கோபிக்கிறவர், கறித்தூள் கரைத்த பியரை இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு எனக்கு நன்றி சொன்னார். போத்தலைச் சுவரில் எறியலாம் போல இருந்தது.

பொழுதுபட்ட பிறகு கிளாஸ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குசினியிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. உரத்த, எனக்குப் பழக்கமில்லாத குரல்.

"சொன்னனான், கேட்டாத்தானே. வாளியை மணந்து பாக்கத் தெரியாத ஆள், புத்தகம் படிச்சு என்ன? முப்பது போத்தலும் நாசம். மூக்கு எண்டு ஒண்டு முகத்திலை எதுக்கு இருக்கு?"

மனைவி அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நடையில் நின்றேன். எனக்கு வந்தது கோபம் அல்ல. இந்த ஏச்சு என்னுடையது, எனக்கு வர வேண்டியது, அடுத்த அறையில் வேறொருவருக்குப் பரிமாறப்படுகிறது என்றுதான் பட்டது. மிச்சத்தை என் முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்று வேகமாக உள்ளே போனேன். மாமா உடனே எழுந்தார்.

"வாங்கோ தம்பி. தேத்தண்ணி குடிப்பமோ?"

மறுநாள் காலை விமான நிலையத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்து, எல்லாவற்றுக்கும் நன்றி என்றார். அதன் பிறகு அவர் வரவில்லை. முழங்கால் விடவில்லை. மீதி இருபத்தெட்டுப் போத்தலைப் பின்வளவில் ஊற்றினேன். ஒன்றை என் சக ஊழியர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிப்போய், அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2013இல் வேறு வாளி வாங்கி இரண்டாம் தரம் வடித்தேன். உண்மையிலேயே நன்றாக வந்தது. தொலைபேசியில் சொன்னேன். "மெத்தச் சந்தோசம்" என்று மாமியிடம் கொடுத்துவிட்டார்.

வருடங்கள் போய்விட்டன. இப்போது என் பியரைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாமாவோடு குடித்தது அந்த ஒரு போத்தல்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு அழைத்தபோது மனைவியின் தங்கை எடுத்தாள். பின்னால் மாமா அவளுடைய கணவரை ஏசிக்கொண்டிருந்தார். கிணற்று மோட்டரில் ஏதோ பிழை போலிருக்கிறது.

"எத்தினை தரம் சொன்னனான், வால்வை மூடிப்போட்டு மோட்டரைப் போடாதை எண்டு. தலைக்குள்ளை என்னடாப்பா வைச்சிருக்கிறாய்? விசரா, அங்காலை போ. நான் பாக்கிறன்."

அந்த மனிதரும் விடவில்லை. "நீங்கள்தான் நேற்று மூடினனீங்கள் மாமா" என்று பதிலுக்குக் கத்தினார். இருவரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைவிட ஏழு வயது இளையவர், வால்வைத் திறக்கத் தெரியாதவர், அவர் மேல் எனக்கு அவ்வளவு பொறாமை வந்தது. பிறகு மைத்துனி, "அப்பா, அவுஸ்திரேலியாவிலை இருந்து அத்தான்" என்று கூப்பிட்டாள். அங்கே சட்டென்று அமைதியானது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"என்ன மாமா, மோட்டர் பிழையோ?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லைத் தம்பி" என்றார். "நீங்கள் சொல்லுங்கோ."