மலைமேல் இருந்த ஆஸ்பத்திரி

நேற்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மகளின் முகத்தில் மாஸ்க் வைத்தபோது எழுந்த ரப்பர் வாடை, கல்வராயன் மலையில் எங்கள் ஊரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது. சின்ன வயதில் எனக்கும் இதே இளைப்புதான். ஓட்டின்மேல் மழை இரைய, நர்ஸ் அக்கா என்னை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே, "மெதுவா இழு கண்ணு, நானும் இழுக்கறேன்" என்று என்னோடு சேர்ந்து மூச்சு விடுவார்.

அந்த ஆஸ்பத்திரியை முதலில் பூட்டினார்கள், பிறகு இடித்தே விட்டார்கள். அதனால்தான் உதடு நீலம் பாரித்த பிள்ளையோடு மலை வளைவெல்லாம் பஸ்ஸில் இறங்கி வந்தேன்.

அவளுக்கு மூச்சு சீரானதும் டாக்டர் அதட்டினார்: "இன்னாம்மா, இவ்ளோ லேட்டாவா இட்டுகினு வருவ?"

"மேல இருந்த ஆஸ்பத்திரிய இடிச்சாங்களே, அவங்கள கேளுங்க சார்!"

நான் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அதிலும் எங்கள் மலைப் பிள்ளைதான் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.